கமிஷன் கேட்ட தேங்காய்

புதன்கிழமை வந்தா திருநாவலூருல கால் வைக்க எடம் இருக்காது. கோயில் கூட்டம்னு நெனச்சிடாதீங்க. நெலத் தரகர் ஆதிமூலத்தோட தேங்காயைப் பாக்கத்தான் அத்தினி பேரும்!

விக்கப்போற நெலத்துல நின்னு, உள்ளங்கையில தேங்காயைப் படுக்க வெப்பாரு. எழுந்து நின்னா மண்ணுக்குச் சம்மதம். படுத்துக்கிச்சின்னா தோஷம், ஒருத்தன் வாங்க மாட்டான். மத்த தரகருக்கு ரெண்டு பர்சென்ட் கமிஷன், இவருக்கு அஞ்சு. வாங்கறவங்க கிட்டயும் அஞ்சு, விக்கறவங்க கிட்டயும் அஞ்சு. கொறைக்கச் சொன்னா மண்ணு கோவிச்சிக்குமாம். ரொம்ப ரோஷமான மண்ணு!

அன்னிக்கு அம்சவள்ளியோட அரை ஏக்கர் கரும்புக் கொல்லை. மக தனுஷாவுக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள நர்சிங் காலேஜுல பணம் கட்டலைன்னா சீட்டு போயிடும். வாங்க வெற்றிவேல் தயாரா நின்னாரு. தேங்காயும் நின்னுச்சி.

"ரெண்டு பர்சென்ட் எடுத்துக்கங்கண்ணா, பொண்ணு படிப்புங்க"ன்னா அம்சவள்ளி.

தேங்காய் பொத்துன்னு படுத்துக்கிச்சி. "ஐயோ தோஷம்!"னு வெற்றிவேல் செருப்பைத் தேடினாரு. அம்சவள்ளி அழுதுட்டா.

அவ நாத்தனார் செந்தமிழ்ச்செல்வி, சர்க்கரை ஆலையில கரும்பு எடை போடறவ, முன்னாடி வந்தா.

"மண்ணுதான பேசுது? அப்ப உங்க கண்ணு எதுக்குங்கண்ணா? துணி கட்டிக்கினு வேற ஒரு எடத்தைப் பாத்துச் சொல்லுங்க. சரியாச் சொன்னா பத்து பர்சென்ட் தர்றோம்!"

பத்துன்னதும் ஆதிமூலம் தானே துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கினாரு.

ஆட்டோவுல ஏத்தி, ரெண்டு சுத்து சுத்தி எறக்கினோம். ஊரே வாயைப் பொத்திக்கினு பின்னாடி வந்துச்சி.

தேங்காய் ஜம்முனு எழுந்துச்சி. "ஆஹா, இன்னா அமைதி! இங்க குடி வந்தவன் காலி பண்ணவே மாட்டான்! நாளைக்கே மனை போட்டு வித்துடலாம்!"

செல்வி துண்டை அவுத்தா. சுடுகாடு! நேத்து எரிஞ்ச சாம்பல் மேல நின்னுக்கினு இருந்தாரு. ஊரு சிரிச்ச சிரிப்புல காக்கா கூட எழுந்து பறந்துடுச்சி.

செல்வி தேங்காயை வாங்கித் தன் உள்ளங்கையில வெச்சா. "வெரலை மடக்கினா எழும், நீட்டினா படுக்கும். இதாங்க மண்ணு பேசறது."

வெற்றிவேல் தலையைச் சொறிஞ்சிக்கினே, "நாமளே நேரா எழுதிக்கலாமாம்மா?"ன்னாரு. வியாழக்கிழமையே பத்திரம் முடிஞ்சிச்சி. தனுஷா சீட்டு தப்பிச்சிச்சி.

ஆதிமூலம் இப்போ பக்கத்து ஊருல எலுமிச்சம்பழத்தோட ஒக்காந்திருக்காராம், ஆறு பர்சென்ட்டாம். அங்கயும் கூட்டமாம்! மண்ணு கோவிச்சிக்கும்னு இன்னும் நம்பறீங்களா? பேரம் பேசினா கோவிச்சிக்கறது மண்ணு இல்லீங்க, தரகரு. கொஞ்சம் யோசிங்கப்பா. யோசிக்கறதுக்கு யாரும் கமிஷன் கேக்க மாட்டாங்க.