மேஸ்திரி இடித்த வீடு

காரைக்குடியில் ஒரு செங்கல்லைக்கூடத் தொடாமல் அதிகமான வீடுகளைக் கட்டியவர் எங்கள் மேஸ்திரிதான். சிமெண்ட் மூட்டைப் பக்கம் போனால் தும்முவார். கட்டியதெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளே.

தொண்ணூறுகளின் கடைசி. கல்யாண வீடியோ என்றால் மணமக்கள் பெயர் தங்க எழுத்தில் சுழன்று, மினுங்கி, மிதந்து வர வேண்டும். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து வீடியோ கடையில் நான் டைட்டில் வாசகம் எழுதுகிறவன். அதற்கு உருவமும் ஒளியும் கொடுப்பவர் அவர். அவர் கட்டி முடித்ததைக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு படமாகக் கணக்குப் போட்டுத் தீட்டித் தரும். அதற்குப் பெயர் ரெண்டர். நத்தை அதைப் பார்த்தால் நின்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போகும்.

ரெண்டர் ஓடும்போது மானிட்டரில் திருஷ்டி பொம்மை தொங்கும். யாராவது எட்டிப் பார்த்தால் போச்சு.

"அங்குட்டுப் போங்கப்பா! சாரம் கட்டியிருக்கு, தலையில விழுந்துரும்!"

ஒரு நாள் காலையில் கோட்டையூர் சூசை வாத்தியார் மூச்சிரைக்க வந்தார். மகள் கல்யாணத்துக்கு மஸ்கட்டில் இருக்கும் மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. அங்கே திரும்பும் பக்கத்து வீட்டுக்காரர் சாயங்காலம் கிளம்புகிறார். கல்யாண கேசட் அவரோடு போனால்தான் உண்டு. அடுத்து யார் போவார்கள் என்று தெரியாது.

"மேஸ்திரி, தங்கச்சி கல்யாணத்த அவன் பாக்க வேணாமா?"

திரையில் செட்டிநாட்டு வீட்டு வாசல் ஒன்று அசையாமல் நின்றது. மூடிய கதவின் முன்னால் பெயர் பாதிகூட எழவில்லை.

"மினுமினுப்பக் குறைச்சிருவோம்ணே" என்றேன்.

"அழுக்கு வீட்டுக்கு எவன் குடிவருவான்?"

"டைட்டில் இல்லாமலே குடுத்துருவோம்."

"வாசல் இல்லாம உள்ள எப்படிப்பா போறது? சொவத்துல ஏறிக் குதிக்கவா?"

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துத் திரையைப் பார்த்தார். "இந்தக் கதவுக்குப் பின்னால என்ன வச்சிருக்கீக?"

மேஸ்திரி மலர்ந்துவிட்டார். "ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டு, அடுப்படி, ஆட்டுக்கல்லு, கெணறு, கெணத்துல தண்ணி. பரண் மேல பித்தளை அண்டா. எல்லாத்துலயும் வெளிச்சம் பட்டுத் தெறிக்கும்!"

"அதெல்லாம் படத்துல தெரியுமா?"

"எப்படித் தெரியும்? கதவு மூடியிருக்குல்ல!"

நானும் வாத்தியாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யாருமே பார்க்காத அண்டாவின் பளபளப்புக்குக் கம்ப்யூட்டர் இரவும் பகலும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

"அழிங்கண்ணே!"

"அடுப்படி இல்லாத வீடாப்பா? சோறு எங்க ஆக்குவாக?"

"யாருண்ணே ஆக்குவா?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். கடைசியில் இறங்கி வந்தார். ஆனால் ராகு காலத்தில் வீட்டை இடிக்கக் கூடாதாம்.

"நான் செபம் சொல்லிக்கிறேன், நீங்க இடிங்க" என்று வாத்தியார் கையைக் குவித்தார்.

கிணறு போனது. மூன்றாங்கட்டு போனது. ஆட்டுக்கல்லை அழிக்கும்போது மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மிச்சம் நின்ற வாசலை ஒரே ஒரு முறை தீட்டி வைத்துக்கொண்டார். நகரும் எழுத்தை மட்டும் தனியாக ரெண்டர் போட்டு, வாசல் படத்தின் மேல் ஒட்டினார். மினுமினுப்பு துளி குறையவில்லை. மத்தியானச் சோறு வருவதற்குள் மெஷின் ஓய்ந்துவிட்டது. மஸ்கட் போகிறவரிடம் கொடுக்கக் கேசட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியவரும் மேஸ்திரியேதான்.

சில வாரம் கழித்து வாத்தியார் அதிரசத்தோடு வந்தார். மகன் போன் பண்ணினானாம்.

மேஸ்திரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "வாசல் எப்படி இருக்குன்னாப்ல?"

வாத்தியார் தயங்கினார். "அத... ஓட்டி விட்டுட்டானாம் மேஸ்திரி. தங்கச்சி மொகம் வர்ற வரைக்கும் பொறுக்க முடியலையாம்."

மேஸ்திரி அதிரசத்தை மெதுவாக மென்றார்.

"சரியாத்தான் செஞ்சிருக்கான். நானா இருந்தாலும் ஓட்டித்தான் விட்டிருப்பேன்" என்று கடை அதிரச் சிரித்தார்.

அந்தச் சமயம் மதுரையில் நல்ல வேலை ஒன்று எனக்காகக் காத்திருந்தது. அந்தச் சிரிப்புக்காகவே நான் போகவில்லை.