நெய் விட்ட காப்பி

காப்பியின் மேல் நெய் மிதந்தது. வெங்கடசுப்ரமணியன் அதை ஸ்பூனால் அமுக்கிப் பார்த்தார். அது நழுவி மறுபக்கம் போய் மினுக்கியது.

"ஏன்னா, காலங்கார்த்தால காப்பியோட என்ன மல்லுக்கட்டு?" என்றாள் மனைவி கனகலக்ஷ்மி.

"இது நெய்க் காப்பி. கெட்ட கொழுப்பைக் கரைச்சுடுமாம். மூளை சுறுசுறுப்பாயிடுமாம். குக்கரஹள்ளி ஏரிக்கரைல நடக்கறவா எல்லாரும் இதைத்தான் குடிக்கறா."

"கொழுப்பைப் போட்டுக் கொழுப்பைக் கரைக்கறதா? நன்னாருக்கு!"

மைசூர் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற அந்த மனிதர் உள்ளூரப் பயந்துபோயிருந்தார். ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு எக்கச்சக்கம். அடுத்த முறையும் இறங்காவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவதாக டாக்டர் பசவராஜ் சொல்லியிருந்தார். பெரிய ஆஸ்பத்திரி என்றாலே இவருக்குக் கைகால் ஓடாது.

மனைவி கிளப்பிய சந்தேகத்தை டாக்டரிடமே கேட்டுவிடுவது என்று கிளம்பினார். பசவராஜ் கன்னடக்காரர். தமிழ் நோயாளியைக் கண்டால் தமிழில்தான் பேசுவேன் என்று அடம் பிடிப்பவர்.

"நெய்க் காப்பி குடிக்கலாமா டாக்டர்?"

"காப்பி குடிங்க. நெய் விடுங்க. யோசனையே பண்ணாம விடுங்க சார். ஆமேலே, அப்புறமா, டெஸ்ட் பாக்கலாம்."

வெங்கடசுப்ரமணியன் வீட்டுக்கு ஏறக்குறையப் பறந்து வந்தார். "நெய் விடச் சொல்லிட்டார்! யோசிக்காம விடுன்னுட்டார்! என்ன நல்ல மனுஷன்!" அன்றைக்கே நஞ்சன்கூட்டில் தெரிந்தவரிடம் சொல்லி ஒரு டின் நெய் வரவழைத்தார்.

"அவர் வாயாலயா சொன்னார்?" என்று கனகலக்ஷ்மி கேட்டது அவர் காதில் விழவில்லை.

மறுநாள் நெய் மிதக்காமல் இருக்கக் கொதிக்கும் காப்பியை மிக்ஸியில் ஊற்றிச் சுற்றினார். மூடி எகிறியது. உத்தரம், காலண்டர், அவர் நெற்றித் திருநீறு, எங்கும் காப்பி. துணியால் துடைத்தார், நெய் சுவரெல்லாம் பரவியது. வெந்நீரைக் கொட்டினார், நெய் ஹாலுக்குப் போனது. அதைத் தடுக்க ஓடியவர் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"சமையல்கட்டுப் பக்கம் இனிமே தலைவெக்கப்படாது. காப்பி நான் கலந்து தரேன்" என்று தீர்ப்புச் சொன்னாள் கனகலக்ஷ்மி.

அன்றிலிருந்து காப்பி நாற்காலிக்கே வந்தது, நுரை ததும்ப.

"நெய் விட்டாச்சா?"

"விட்டாச்சு, குடிங்கோ."

குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டுவார். "பார்த்தியா, பதமாக் கலந்தா நெய் இருக்கற சுவடே தெரியலை!"

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். டின்னில் நெய் குறைந்துகொண்டே வந்தது. நெய்க் காப்பி குடிப்பவர்கள் வடை, போண்டா தொடக்கூடாதாம் என்று அவளும் எங்கேயோ கேட்டு வந்து சொன்னாள். சாயங்காலமும் நடக்கணுமாம் என்றாள். வைத்தியம் என்றால் பத்தியம் இருக்கத்தானே செய்யும் என்று அவரும் தலையாட்டினார்.

அடுத்த பரிசோதனையில் கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது.

வெங்கடசுப்ரமணியன் சாமுண்டி மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். புது நெய் டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, மனைவியையும் அழைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனார்.

"டாக்டர், நீங்க எனக்குத் தெய்வம். எல்லாம் நீங்க விடச் சொன்ன நெய்!"

பசவராஜ் டின்னைப் பார்த்தார், ரிப்போர்ட்டைப் பார்த்தார், பதறி எழுந்தார். "ஐயோ ராமா! கன்னடத்துல 'துப்பா பிடி'ன்னு சொல்றதைத்தான் தமிழ்ல சொன்னேன் சார்! நெய் விடுங்கன்னா நெய்ய நிறுத்துங்கன்னு அர்த்தம்!"

வெங்கடசுப்ரமணியன் தொப்பென்று உட்கார்ந்தார். "ஊத்திக்கச் சொல்லலையா? அப்புறம் கொழுப்பு எப்படி இறங்கித்து?"

ஊசி மருந்து எடுத்து வைத்துக்கொண்டிருந்த நர்ஸ் சௌம்யாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அம்மா அன்னைக்கே எனக்குப் போன் பண்ணாங்க சார். விடுன்னா ஊத்தறதா, நிறுத்தறதான்னு கேட்டாங்க. அந்த நெய்யில பண்ணிக் குடுத்தாங்களே மைசூர்பாக், தும்ப சென்னாகித்து, ரொம்ப நல்லா இருந்துது அம்மா!"

அவர் மெல்ல மனைவியின் பக்கம் திரும்பினார். இத்தனை நாள் தன் முட்டாள்தனத்தோடு சண்டை போடாமல், தன்னை மட்டும் பத்திரமாகக் காப்பாற்றியிருக்கிறாள் என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

"உன்னாலதான் பொழைச்சேன் கனகா. ஆனாலும் தினம் தினம் எங்கிட்டப் பொய் சொல்லியிருக்கியே!"

கனகலக்ஷ்மி நெய் டின்னைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"பொய்யா? 'நெய் விட்டாச்சா'ன்னு கேட்டேள். 'விட்டாச்சு'ன்னுதானே சொன்னேன்?"