ஒன்றரை மடங்கு நிபுணர்

பழைய கம்ப்யூட்டர் இருக்கிற ஊரில் ஒன்றரை மடங்கு நிபுணரும் இருப்பார். ஈ மொய்க்க வேண்டுமானால் மாம்பழமாவது பழுக்க வேண்டும். இவர் வருவதற்கு, "மெஷின் கொஞ்சம் மெதுவா ஓடுது" என்று தெருவில் யாராவது முனகினாலே போதும்.

இவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கம்ப்யூட்டரைப் பற்றி இவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம். வர்ச்சுவல் மெமரி. மெஷினின் சொந்த நினைவகம் நிரம்பிவிட்டால், மேசையில் இடம் கொள்ளாத தட்டுகளை உள்ளறைப் பெஞ்சில் அடுக்குவது போல, மிச்சத்தை ஹார்ட் டிஸ்கில் ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளுமே, அந்த ஏற்பாடு. பெஞ்சு எவ்வளவு நீளம் என்று சொல்ல அதில் ஒரு கட்டம் உண்டு. சொந்த நினைவகத்தைப் போல ஒன்றரை மடங்கு என்று எந்தக் காலத்திலோ யாரோ இவர் காதில் ஓதிவிட்டுப் போய்விட்டார்கள். அன்று பிடித்த பிடி. திரை கறுத்தாலும் ஒன்றரை மடங்கு, மவுஸ் நகராவிட்டாலும் ஒன்றரை மடங்கு, பிரிண்டர் காகிதத்தை மென்று துப்பினாலும் ஒன்றரை மடங்கு. ஒரு முறை தெருவுக்கே மின்சாரம் போனபோது, "கரண்டு வரட்டும், எண்ணைச் சரிபண்ணித் தரேன்" என்று காத்திருந்தவர் இவர்.

எங்கள் ஊரில் இந்தப் பதவியை வகிப்பவர் தோன் எர்மினியோ. தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கம் பெரியவர்களில் ஆண் பெயருக்கு முன் தோன், பெண் பெயருக்கு முன் ஞா என்று மரியாதைக்குச் சேர்ப்போம். பராகுவேயில் மானமுள்ள எந்த மனிதரையும் போல இவரும் ஐஸ் தண்ணீர் ஜக்கு இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார். பெரிய அலுமினிய ஜக்கு. அது நிறைய ஐஸ்கட்டி. அக்குளில் குழந்தையை இடுக்கிக்கொண்டு வருவது போல இடுக்கிக்கொண்டு வருவார்.

இவருடைய கோயில் ஞா லிபோரியா தன் வீட்டு முன்னறையில் நடத்தும் எஃப்.எம். வானொலி. பாட்டு, பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் அங்கிருக்கும் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரிலிருந்துதான் போக வேண்டும். மரண அறிவிப்பு வாசிப்பவன் நான். அதனால் இந்தப் பூசையை முழுக்கப் பார்க்கும் பாக்கியம் எனக்கு உண்டு.

வருவார். மெத்தை போட்ட ஒரே நாற்காலியில் உட்காருவார். ஜக்கை வைக்க வேறு இடம் இல்லாததால் கம்ப்யூட்டரின் தகரப் பெட்டி மேலேயே வைப்பார். இலை நிரப்பிய கொம்புக் குவளையை என்னிடம் நீட்டுவார். அந்த இலையில் ஐஸ் தண்ணீர் விட்டு உறிஞ்சுகிற பானம்தான் தெரேரே; அதை ஊற்றிக் கொடுப்பது வயதில் சின்னவன் வேலை. குடிக்கிறவர் "நன்றி" என்று சொல்கிற வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சொன்னால் போதும் என்று பொருள். தோன் எர்மினியோ அவ்வளவு சுலபமாக நன்றி சொல்லிவிடுகிற ஆளா? நான் ஊற்ற, அவர் உறிஞ்ச, பிறகு கட்டத்தைத் திறந்து ஒரு பெருமூச்சு விடுவார்.

"யாரும்மா இந்த எண்ணுல கை வெச்சது?"

"போன வாரம் நீங்கதான் வெச்சீங்க."

"அதுக்கப்புறம் யாரு?"

எண்ணை அழிப்பார். அதே எண்ணைத் திரும்ப அடிப்பார். மெஷினை அணைத்துப் போடுவார். அது ஓடும். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் இருக்கிற வரை நன்றாகவே ஓடும். அவர் போன கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். "என் கை பழகிப்போச்சு அதுக்கு" என்பார். நாங்களும் நம்பினோம்.

இப்படி இருக்கையில் ஜனவரி வந்தது. நாய்கூட நிழலை விட்டு நகராத வெயில். எதிர்வீட்டு ஞா கசில்தாவுக்கு எண்பது வயது நிறைந்த நாள். அவர் மகன் அர்செனியோ புவெனோஸ் ஐரெஸில் கொத்தனார் வேலை பார்க்கிறான். ஊர்ப்பக்கம் வந்து வருஷக்கணக்காகிறது. பன்னிரண்டு மணிக்கு ஒலிபரப்பச் சொல்லி ஒரு வாழ்த்தைப் பேசி அனுப்பியிருந்தான். போனில் சொல்லக் கூடாதா என்கிறீர்களா? போனில் சொன்னால் அம்மாவுக்கு மட்டும்தானே கேட்கும்!

காலையிலிருந்தே மெஷின் படுத்துப் படுத்து எழுந்தது. தோன் எர்மினியோ ஜக்கோடு வந்தார், பூசை செய்தார், மெஷின் ஓடியது. பன்னிரண்டு நெருங்கியபோது, என் வாழ்நாளில் முதல்முறையாக, குவளையைத் திருப்பிக் கொடுத்து "நன்றி" என்றார். ஜக்கை இடுக்கிக்கொண்டு, வாழ்த்தைத் தன் வீட்டு வானொலியில் கேட்கப் புறப்பட்டுவிட்டார்.

மணி அடித்தது. ஞா லிபோரியா பொத்தானை அழுத்தினார்.

"அம்மா, நான்தான் அர்செனியோ பேசுறேன். இந்த வருஷமும் வர முடியாதுன்னு..."

நின்றுவிட்டது.

எதிர்வீட்டு முற்றத்தில், சுட்ட இறைச்சியும் சோள ரொட்டியும் பரப்பிய மேசையைச் சுற்றி, தெருவே நின்றுகொண்டிருந்தது. ஞா கசில்தா வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனது சன்னல் வழியாகத் தெரிந்தது. பிறகு முந்தானை போலக் கிடந்த ஏப்ரனைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்றவர்கள் அதற்குள் ஆறுதல் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். "அழாதீங்க ஞா கசில்தா, அடுத்த வருஷம் வருவான்."

ஞா லிபோரியா கம்ப்யூட்டர் பெட்டியை ஓங்கித் தட்டப் போய், "ஐயோ, சுடுது!" என்று கையை உதறினார். பெட்டியின் மேல் ஜக்கு இருந்த இடத்தில் வட்டமாக ஈரம். அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறு நொடி தெருவில் ஓடிக்கொண்டிருந்தார்.

"தோன் எர்மினியோ! அந்த ஜக்கு! ஜக்கு!"

"பதறாதம்மா, நானே வரேன். எவனோ எண்ணுல கை வெச்சிருக்கான்."

"நீங்க வர வேணாம், ஜக்கு வந்தாப் போதும்!"

ஜக்கு தனியாக வருமா? இருவரும் வந்தார்கள். ஞா லிபோரியா ஜக்கைப் பிடுங்கிப் பெட்டி மேல் வைத்தார். மெஷினை அணைத்து, ஆறவிட்டு, எழுப்பினார். பக்கத்தில் தோன் எர்மினியோ எண்ணை அழித்து அதே எண்ணை அடித்தார். நான் மாதாவை வேண்டிக்கொண்டேன். குரல் வந்தது.

"...இந்த வருஷமும் வர முடியாதுன்னுதான் நெனச்சேன். ஆனா டிக்கெட் எடுத்துட்டேன்மா! ஞாயித்துக்கிழமை வரேன். அந்தக் கறுப்புக் கோழியை யாருக்கும் அடிச்சுப் போட்டுடாத, சொல்லிட்டேன்."

தெரு கத்திய கத்தலில் கூரை ஓடு அசைந்தது. ஞா கசில்தா வெயிலில் செருப்பில்லாமல் ஓடிவந்து, நேராகத் தோன் எர்மினியோவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, "நீங்க நல்லா இருக்கணும்" என்று அழுதார்.

"நான் என்னம்மா பண்ணினேன்," என்றார் அவர் அடக்கமாக. "எல்லாம் ஒன்றரை மடங்கு."

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்ல யாருக்கு மனசு வரும்? எங்களுக்கும் வரவில்லை. பெட்டிக்குள் இருந்த சின்ன விசிறி செத்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டதாம். புதிது வரும் வரை ஞா லிபோரியா தன் வீட்டு ஜக்கில் ஐஸ் நிரப்பி, அடியில் துண்டு போட்டு, பெட்டியின் மேல் வைத்திருக்கிறார். மெஷின் நிற்பதே இல்லை. தோன் எர்மினியோ தெருவில் போகும்போது, தடங்கலில்லாமல் வரும் பாட்டைக் கேட்டு, கூட வருபவரிடம் சொல்கிறார்: "என் எண்ணு."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் காய்ச்சல் நீங்கள் சொன்ன கஷாயத்தால்தானே இறங்கியது? மைத்துனனுக்கு வேலை கிடைத்தது நீங்கள் போட்ட ஒரு போனால்தானே? கல்யாண வீடுதோறும் சொல்லிக்கொண்டு வருகிறீர்கள், கேட்பவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று யோசித்துப் பாருங்கள்: அன்றைக்கு உங்கள் ஜக்கை எங்கே வைத்திருந்தீர்கள்?