எலி பிழைத்த மாலை

உலகத்தில் நாகரிகம் இரண்டே இடங்களில்தான் உண்டு. ஒன்று சீமை, மற்றொன்று எங்கள் மாரிகுப்பம் 'அதிசய விஞ்ஞான சபை'. நான் அதன் காரியதரிசி என்பதற்காகச் சொல்லவில்லை, சொல்லாமலிருக்கவும் முடியவில்லை.

1898ஆம் வருஷம் ஒரு ஞாயிறு மாலை, தங்கச் சுரங்க ஆபீஸ் குமாஸ்தா கொர்னேலியஸ் மேடையேறினார். ஓர் எலியையும் எரியும் மெழுகுவர்த்தியையும் பெரிய கண்ணாடி ஜாடியால் சேர்த்து மூடினார். சற்று நேரத்தில் வர்த்தி அணைந்தது. எலியோ மீசையை ஆட்டிக்கொண்டு நின்றது.

"பார்த்தீர்களா! காற்றின் வீரியம் கொஞ்சம் குறைந்தாலே தீபம் அணைந்துவிடும். அதே காற்றில் உயிர் தாக்குப்பிடிக்கும்!"

கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

தலைமை வகித்த சுரங்கத் துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். சுரங்கத்தின் அடியில் வர்த்தி அணைந்தால், பாறையில் துளை போடும் ஆட்கள் வேலையை விட்டு மேலே ஏறிவிடுவது வழக்கம். நாளை முதல் ஏறக் கூடாது, தடவித் தடவியாவது துளை போட வேண்டும் என்று அங்கேயே உத்தரவாயிற்று. விஞ்ஞானம் இத்தனை சீக்கிரம் 'பயன்பட்டு' நான் கண்டதில்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது.

பின்வரிசையில் துளைக்காரன் தங்கவேலு எழுந்தான்.

"இன்னா சார் இது? போன வாரம் வர்த்தி அணைஞ்சப்புறம் என் மச்சான் ஏசுபாதம் கொஞ்ச நேரம் நின்னான். அவ்ளோதான், சுருண்டு வுழுந்துட்டான். நாங்கதான் தூக்கிக்கினு வந்தோம். இன்னும் நிக்கச் சொன்னா செத்துப்பூடுவான் சார். கீழே காத்து வர்றதுக்கு ஒரு குழா போடுங்க."

"அது விஞ்ஞானம் அல்ல, கோரிக்கை" என்று கொர்னேலியஸ் பொறுமையாகத் திருத்தினார்.

அப்போது அவர் மனைவி ஐடா அலறினாள்.

"ஐயோ, ஏங்க! எலி மல்லாந்துடுச்சுங்க! ஜாடிய தூக்குங்க!"

சபையே பாய்ந்தது. துரை தம் கையாலேயே ஜாடியைத் தூக்கினார். ஒருவர் விசிறினார், ஒருவர் பாலுக்கு ஓடினார். எலி மெல்ல எழுந்ததும் பலருக்குக் கண் கலங்கியது.

"எலிக்கு ஜாடிய தூக்கிட்டீங்க. எங்களுக்கு யார் சார் தூக்குவாங்க?" என்றான் தங்கவேலு. நிகழ்ச்சி நிரலில் இல்லாத கேள்வியாதலால் நான் குறித்துக்கொள்ளவில்லை.

பிறகு ஜீவகாருண்யத்தை முன்னிட்டு ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: இனி இச்சோதனைக்கு வாயில்லாப் பிராணிகளை உபயோகிப்பதில்லை. நாளைக் காலை ஷிஃப்ட் முதல் ஏசுபாதத்தை வைத்தே நடத்தப்படும்.