தகப்பன்மார் வருகைப் பதிவேடு

பட்டுக்கோட்டையில் எங்கள் தேங்காய்த் தரச்சான்று அலுவலகத்தில் தந்தைமை விடுப்பு என்று ஒன்று உண்டு. இதுவரை யாரும் கேட்காததால் அது பத்திரமாக இருந்தது. இளநிலை உதவியாளர் ஜாஃபர் சாதிக் கேட்டுத் தொலைத்தார். மனைவி சாஜிதாவுக்கு ஆபரேஷன் செய்து இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. கூடமாட ஒத்தாசைக்கு ஆள் இல்லை. பதினைந்து நாள் கிடைத்தது.

நான்காம் நாள், விடுப்பு முறைப்படி அனுபவிக்கப்படுகிறதா என்று ஆய்வு செய்யக் கண்காணிப்பாளர் அரசப்பன் நேரில் போனார். அடுப்பில் பூண்டுக் குழம்பு கொதித்தது. ஜாஃபர் குழந்தைத் துணி அலசிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா இது? லீவு போட்டுட்டு வேலை பார்க்கிறீங்க!"

"பிள்ளைத் துணி சார்."

"லீவுன்னா ஓய்வு. விடுப்பில் வேலை செய்வது விதிமீறல். நாளைக்கே வந்து ஜாயின் பண்ணுங்க."

உள்ளே படுத்திருந்த சாஜிதா குரல் கொடுத்தாள்.

"எட்டு வருஷமா நானும் இதைத்தானே சார் செய்றேன்? அதுவும் வேலையா?"

"சேச்சே, நீங்க வீட்ல சும்மாதானேம்மா இருக்கீங்க. ஆம்பளை செஞ்சாத்தான் வேலை."

"அப்ப அவரு டூட்டியில இருக்காருன்னே எழுதிக்குங்க."

அரசப்பன் யோசித்தார். விதிப்படி அது சரியாகத்தான் இருந்தது. ஆனால் டூட்டி என்றால் வருகைப் பதிவேடு வேண்டும். சும்மா இருக்கும் சாஜிதாவிடம் அதை ஒப்படைக்க முடியாது. ஆகவே, இரண்டாம் வகுப்பு படிக்கும் மூத்த மகள் ஷிஃபாவைப் பொறுப்பு அலுவலராக நியமித்து, ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். முடிவுத் தேதி போட மறந்துவிட்டார்.

ஷிஃபா கடமை தவறவில்லை. தம்பியைக் குளிப்பாட்டப் பத்து நிமிடம் தாமதமானால் அத்தாவுக்கு மெமோ.

பதினாறாம் நாள் ஜாஃபர் ஆபீஸ் வந்தார். சாயங்காலம் வீட்டுக்குப் போனால், நோட்டில் சிவப்பு மையில் 'ஆப்சென்ட்'.

"அத்தா ஆபீஸ்ல இருந்தேன்மா."

"அங்க சும்மாதானே அத்தா உக்காந்திருப்பீங்க?"

நோட்டு பள்ளிக்கூடத்துக்குப் போனது. ஒரே வாரத்தில் வகுப்பு முழுக்க அதுதான் பேஷன். அதே வகுப்பில் படிக்கும் அரசப்பனின் மகள் செந்தாமரை, தன் அப்பாவுக்கு ஜூன் மாதத்திலிருந்தே கணக்கெடுத்து எழுதிவிட்டாள். பக்கம் பக்கமாகச் சிவப்பு. உத்தரவு செல்லாது என்று சொல்லலாம் என்றால் கையெழுத்து அவருடையது. இப்போதெல்லாம் ஐந்து அடித்ததும் பாத்திரம் கழுவ ஓடுகிறார், அரைநாளாவது கிடைக்குமே என்று.

இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். நேற்று என் மகள் ஒரு நோட்டும் சிவப்புப் பேனாவும் கேட்டாள்.

"ஒரு பேனா பத்தாது, ரெண்டா வாங்கிக் குடுங்க" என்றாள் என் மனைவி.