நைனா என்று தேடியபோது

முருகன் துணை

திருத்தணி,
ஆவணி, 2002

மரியாதைக்குரிய பாவா நாகேந்திரன் அவர்களுக்கு, மைத்துனன் பரந்தாமன் வணங்கி எழுதுவது. இங்கே நானும் கௌரியும் சுகம். கிருத்திகைக் கூட்டம் வடிந்துவிட்டதால் ஊரும் சுகம். உங்கள் சர்க்கரையும் அக்காவின் முழங்காலும் எப்படி இருக்கின்றன என்று எழுதவும்.

விஷயம் காஞ்சனாவைப் பற்றி. மகள் பெயரைப் பார்த்ததும் கடிதத்தை மடித்துவிடாதீர்கள். உங்களைக் கேட்காமல் பூனாவில் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து நீங்கள் அவளோடு பேசுவதில்லை. அவள் எனக்கு மெயில் போடுவது உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறீர்கள். இப்போது ஊருக்கு வருகிறாள். எந்த நாள், எந்த ரயில் என்று எழுதியிருந்தாள். படித்தேன், தலையை ஆட்டினேன், மறந்துவிட்டேன்.

என் வீட்டுக் கம்ப்யூட்டர் என் மகன் அருள்முருகன் பெங்களூர் போகும்போது விட்டுப்போனது. படம் கிடையாது, மவுஸ் கிடையாது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும். வரிக்கு ஒரு மெயிலாக வரிசையில் நிற்கும். காஞ்சனா எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்புதான் வைப்பாள்: 'ஹாய் மாமா'. நான் ஒவ்வொன்றாகத் திறந்து, மூடி, எங்கே விட்டேன் என்று தெரியாமல் மறுபடி மேலிருந்து தொடங்கி, கௌரி வைத்த காபி ஆறி ஏடு கட்டி, கடைசியில் மகனுக்குப் போன் போட்டேன்.

"ஒண்ணொண்ணா தொறந்துகினு இருந்தா எப்ப முடியும் நைனா? எல் அமுக்கு, ஒரு வார்த்தை குடு. அது இருக்கிற மெயில் மட்டும் நிக்கும், மத்தது மறைஞ்சிடும்," என்றான்.

அரக்கோணம் என்று கொடுத்தேன். ஒன்றுகூட நிற்கவில்லை.

"டேய், எல்லாம் அழிஞ்சி போச்சிடா!"

"அழியல நைனா. வெறும் வார்த்தை குடுத்தா அனுப்பினவங்க பேர்லயும் தலைப்புலயும்தான் தேடும். உள்ள தேடணும்னா முன்னாடி நெளிகோடும் பி எழுத்தும் போடு. மொதல்ல காஞ்சனா பேரைக் குடு, மத்தவங்க மெயில் வெலகிடும்."

காஞ்சனா மட்டும் நின்றாள். உள்ளே அரக்கோணத்தைத் தேடினேன். இல்லை. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கிறவள் அரக்கோணத்துக்கு எத்தனை கே போட்டாளோ, யார் கண்டது? அப்போது, ரயில் விவரம் வந்த அந்த மெயிலில் உங்களைக் குறித்து 'நைனாகிட்ட சொல்லுங்க மாமா' என்று எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. நைனா என்று கொடுத்தேன்.

பாவா, வரிசை குறையவில்லை. குறைப்பதற்குத்தான் அந்த வித்தையே. எந்த வரியும் அசையவில்லை.

கௌரி எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க, அப்படியே நிக்குது? தேடலையா அது?"

"தேடிச்சி கௌரி. எல்லாத்துலயும் இருக்குது."

இந்த முறை அவசரப்படாமல் திறந்து படித்தோம். நைனா மாத்திரை ஒழுங்கா போட்டுகினு இருக்காரா? நைனா அந்த ஸ்கூட்டரை இன்னும் ஓட்டறாரா? என் பேரை எடுத்தா எழுந்து போயிடறாரா மாமா? மெயிலுக்கு ஒரு வரி. நானும் ஒவ்வொரு தடவையும் 'ஆங், நல்லா இருக்கார்' என்று பதில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கிறேன். தனித்தனியாக வந்தபோது அந்த வரி கண்ணில் படவே இல்லை. கௌரி முந்தானையால் திரையைத் துடைத்தாள். திரையில் தூசு இல்லை.

ரயிலும் அதிலேயே கிடைத்தது. வருகிற வெள்ளிக்கிழமை காலை, பம்பாய் வண்டி, அரக்கோணம். ஒரே ஒரு கே. நீங்கள் ஸ்டேஷனுக்கு வர வேண்டும். பேச வேண்டாம். அவள் கையிலிருக்கும் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தால் போதும்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். மலைமேல் இருப்பவன் உங்கள் கோபத்தை ஒரு படியாவது கீழே இறக்கட்டும்.

இப்படிக்கு,
பரந்தாமன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தேன், வாசலில் ஆட்டோ வந்து நின்றது. காஞ்சனாவும் மாப்பிள்ளையும்! வருகிற நாளை மாற்றி இன்னொரு மெயில் போட்டாளாம். "அவசரத்துல ரெண்டு வரிதான் மாமா அடிச்சேன்," என்கிறாள். அது ஒன்றில்தான் நைனா என்ற வார்த்தை இல்லை. அதனால் அது ஒன்றுதான் மறைந்திருக்கிறது. வரிசை குறையவில்லை என்று எழுதினேனே, தப்பு. வெள்ளிக்கிழமை, அரக்கோணம், பெட்டி, எல்லாம் தப்பு. அடித்துவிடுங்கள். இதைத் தபாலில் போடவில்லை. மத்தியான ரயிலில் அவர்களே மணவூருக்கு, உங்கள் வீட்டுக்கு வருகிறார்கள், அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். வாசலில் நின்று இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், பாவா. முதலில் உள்ளே கூப்பிடுங்கள்.