லைலாவின் காலும் என் இடுப்புக் கயிறும்

எனக்கு ஓரிடத்தில் மூன்று மாதம் தங்க வராது. இதை ஏதோ திறமை போலச் சொல்லிக்கொண்டு திரிந்த ஆள் நான். ஐந்து வயதில் மன்னாரிலிருந்து ஒரு சாக்குப்பையோடு புத்தளம் வந்தோம். ஆறாம் வகுப்பு வரை அகதி முகாம் பள்ளிக்கூடம். பிறகு லொறி, உப்பளம், கட்டாரில் கொஞ்சக் காலம் சீமெந்து. எங்கே போனாலும் பாயை விரித்த கையோடு எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிடும்.

யுத்தம் முடிந்து எங்கள் பக்கத்து ஆலங்குடாவுக்கு வெள்ளைக்காரர் சுற்றுலா வரத் தொடங்கிய காலம். நிஸாம் நானா அவர்களைக் கடற்கரையில் குதிரை ஏற்றிப் பிழைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்தது ஒரே குதிரை, லைலா. அது முள்ளுக்கம்பியில் சிக்கி முன்னங்கால் நரம்பை அறுத்துக்கொண்டது. கண்டியிலிருந்து ஒரு மிருக வைத்தியர் அம்மா வந்து சத்திரசிகிச்சை செய்து தைத்தார். "இன்னொருக்கா அறுந்தா தைக்க ஒண்டும் மிஞ்சாது நானா" என்று சொல்லிவிட்டுப் போனார். தைத்த காலை மெல்ல மெல்ல வேலைக்குப் பழக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் போய் நின்றேன்.

"குதிரை பாத்திருக்கியா?" என்று கேட்டார் நானா.

"ஓம் நானா. நுவரெலியாவில."

(பார்த்திருந்தேன். சாணம் அள்ளும் வேலை. பெரும்பாலும் பின்பக்கத்தை.)

டொக்டர் எழுதிய தாள் லாயக் கதவில் ஒட்டியிருந்தது. முதல் கிழமை, கையில் பிடித்தபடி பத்து நிமிட நடை. கிழமைக்கு ஐந்து நிமிடம் கூட்ட வேண்டும். ஈரமான கெட்டி மணலில் மட்டும். ஓட்டம் கூடாது, ஆள் ஏறக் கூடாது. மூன்று மாதம் முடிய அவர் வந்து காலைப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் சேணம்.

வளைந்த தென்னையிலிருந்து மீனவர் குடிசை போட்டிருந்த வாடி வரை, வாடியிலிருந்து தென்னை வரை. நாடெல்லாம் சுற்றியவனுக்கு இதுதான் உலகம் என்றாகிவிட்டது. லைலாவுக்கும் அலுப்பு. கட்டிப் போட்டுத் தீனி கொடுத்த குதிரைக்கு உடம்பெல்லாம் ஓட்டம். என் தோளைக் கடிக்கும், காலை மிதிக்கும், பிறந்ததிலிருந்து பார்த்த அதே அலையைக் கண்டு துள்ளும். நானாவின் தங்கை பரீதா வேலியோரம் போனில் நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"இன்னும் நாலு நிமிசம் கிடக்கு. எங்க திரும்புறீங்க?"

"குதிரை களைச்சிப் போச்சு."

"குதிரை நல்லாத்தான் நிக்கிது. மூச்சு வாங்குறது நீங்க."

இப்படியே பன்னிரண்டாவது கிழமை வந்தது. நடை ஒரு மணித்தியாலத்தைத் தாண்டியிருந்தது. டொக்டர் வருவதாகச் சொன்ன அந்தக் காலையில், வாடிக்கு முன்னால் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு: யாராக இருந்தாலும், மீன் நிறைந்த வலைப்பையான மடியைக் கரையேற்றிப் பிரிக்கும்வரை கயிற்றில் நின்றால் கறிக்கு மீன் கிடைக்கும். நானா வீட்டில் ஒரு கிழமையாகப் பருப்பு.

"தம்பி, ஆள் காணாது, கொஞ்சம் பிடியேன்!" என்று கத்தினார் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி.

"கையில குதிரை நிக்கிது சம்மாட்டி."

"குதிரைய வெச்சிக்கிட்டுப் பருப்பே தின்னு, போ!"

வலை இழுப்பவர்கள் இடுப்பில் ஒரு துண்டுக் கயிறு கட்டி, அதைப் பெருங்கயிற்றில் கொளுவிப் பின்னால் சாய்ந்து இழுப்பார்கள். நானும் ஒன்றை வாங்கிக் கட்டினேன். இரண்டு கையும் வேண்டுமே என்று, லைலாவின் கயிற்றையும் அதே இடுப்பில் முடிந்தேன். (குதிரையை உடம்பில் கட்டக் கூடாது என்பதுதான் அந்தத் தொழிலில் முதல் பாடமாம். நான் சாணத்தோடு நின்றவன்.)

மடி கரையேறியது. முப்பது பேர் ஒன்றாகக் கூவினார்கள். ஊர்க் காகமெல்லாம் இறங்கியது. லைலா பாய்ந்தது. ஒரு கணம் நான் வலைக்கும் குதிரைக்கும் நடுவில் காயப்போட்ட துணி போல விறைத்து நின்றேன். பிறகு கொளுவல் கழன்றது. வாடியிலிருந்து தென்னை வரை, மூன்று மாதமாக நான் நடந்த அதே பாதையை வயிற்றால் கடந்தேன். இடுப்புச் சாரம் பாதி வழியில் விடைபெற்றது. தென்னையடியில் டொக்டரின் ஜீப் வந்து நின்றது. அதைக் கண்டுதான் லைலாவும் நின்றது.

நானா ஓடி வந்தார். தூக்கிவிடுவார் என்று கையை நீட்டினேன். என்னைத் தாண்டிப் பாய்ந்து, லைலாவின் முன்னங்காலைப் பிடித்தபடி மணலில் உட்கார்ந்துவிட்டார். "இது போனா எனக்கு ஒண்டுமில்ல டொக்டர்" என்றார்.

டொக்டர் காலை அழுத்திப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார், மறுபடி அழுத்தினார்.

"அறுபடல்ல. ஆனா வீங்கிட்டுது. முதல் கிழமையில இருந்து தொடங்குங்க."

"எந்த முதல் கிழமை?" என்று மணலில் கிடந்தபடி கேட்டேன்.

"பத்து நிமிசம்" என்றார்.

பரீதா ஒரு துவாயை என்மேல் எறிந்தாள். "டொக்டர், இவரையும் ஒருக்காப் பாருங்க."

"நான் மிருகங்களைத்தானே பாக்கிறது."

"பரவாயில்ல, பாருங்க."

தோளெலும்பு உடைந்திருந்தது. மீனும் கிடைக்கவில்லை, மடி பிரிக்கும்போது நான் கயிற்றில் இல்லையாம்.

அன்றே பஸ் ஏறியிருக்கலாம். பையும் கட்டிவிட்டேன். வாசலில் நானா லைலாவின் காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். என்னை ஏசக்கூட இல்லை. ஏசியிருந்தால் போயிருப்பேன். வலது கையைத் துணியால் கழுத்தில் தூக்கிக் கட்டி, இடது கையால் இன்னொரு மூன்று மாதம் தென்னைக்கும் வாடிக்கும் நடந்தேன். முடிவில் லைலா ஒரு பருத்த வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு நொண்டாமல் திரும்பி வந்தது. அதற்குள் பரீதாவுக்கும் எனக்கும் நிக்காஹ் பேசியாகிவிட்டது.

போன மாரியில் நானே வேய்ந்த கூரை ஒழுகியது. வாளியைத் தேடுவதற்கு முன்பே, பரீதாவும் மூன்று பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள்:

"முதல் கிழமையில இருந்து தொடங்குங்க!"